தறிச் சத்தத்துக்கு எந்த அளவுகோல்? பல்லடம் பக்கத்துத் தெரு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவே எந்த ஊரில் போய் இரவு பத்து மணிக்குத் தெருவில் நின்றாலும் முதலில் காதில் விழுவது தறிதான். ஒரு தறி தனியாக ஓடினால் டக்டக், டக்டக் என்று தாளம் தெரியும். ஒரு குடோனில், அதாவது விசைத்தறிக் கூடத்தில், பதினாறு தறி ஓடினால் தாளமெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, தகரத்தில் மழை கொட்டுவது போல ஒரே இரைச்சல். அப்பா எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்தவர். எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப்பக்கம் குடோன். பரீட்சைக்குப் படித்ததும் அம்மை போட்டுப் படுத்திருந்ததும் அந்தச் சத்தத்துக்குள்தான்.

2024 கடைசியில் எங்கள் தெருவில் தறிச் சத்தத்தை எதிர்த்து ஒரு மனு கிளம்பியது. அதை எழுதிக் கொடுத்தவன் நான். மனு யார் மேல் போனதோ அந்தக் குடோன்காரரை நான் சின்ன வயதிலிருந்து அண்ணா என்று கூப்பிட்டு வருகிறேன். அதனால் ஒதுங்கி நின்று பார்த்தவனின் அறிக்கையாக இதை எழுத முடியாது. ஆனால் இதே வழக்கு கொங்கு நாட்டில் எத்தனையோ ஊர்களில் இன்று பேச்சாக இருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும் என்று பட்டது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன்.

குடோன் முதலில், வீடு அப்புறம்

குடோன் 1990களில் கட்டியது. ஹாலோபிளாக் சுவர், மேலே சிமெண்ட் ஷீட், தெருவைப் பார்த்து நான்கு பெரிய ஜன்னல். கிழக்கே அப்போது சோளக்காடு. கிணற்றில் தண்ணீர் வற்றியதும் காட்டுக்காரர் கல் நட்டு மனையாகப் பிரித்து விற்றார். அரசு அங்கீகாரம் எதுவும் இல்லாத மனைகள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது நினைவிருக்கும். அந்த ஆண்டு அக்டோபர் 20க்கு முன்னால் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்திக்கொள்ள 2017இல் அரசு வழிவிட்டது. இந்த மனைகளும் கட்டணம் கட்டி அப்படியே வரன்முறையாயின. வங்கிக் கடன் கிடைத்தது, வீடுகள் எழுந்தன. முதல் வரிசை வீடுகளுக்கும் குடோன் ஜன்னலுக்கும் நடுவே இருப்பது ஒரு இருபதடி ரோடு மட்டும்.

ஆக, வீட்டுக்காரர்கள் கையில் குடியிருப்பு மனை என்று சொல்லும் காகிதம் இருக்கிறது. குடோன்காரர் கையில் ஊராட்சிக்கு வரி கட்டிய ரசீதும் விசைத்தறிக்கான மின் இணைப்பு அட்டையும் இருக்கின்றன. இரண்டும் அரசாங்கம் கொடுத்ததுதான். இந்த இரண்டையும் ஒரே மேசையில் பக்கம் பக்கமாக வைத்து யாருமே பார்க்கவில்லை. தகராறின் வேர் இங்கேதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தறி ஏன் இரவில் ஓட வேண்டும் என்று கேட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. கூலித் தறிக்காரருக்கு நூலும் சொந்தமில்லை, துணியும் சொந்தமில்லை. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடு நூலும் கொடுப்பார், இவர் சாயம் போடாத காடாத் துணியாக நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். மீட்டர் ஏறினால்தான் காசு. நாடா ஓடும் சாதாத் தறி மெதுவானது. ஆட்டோலூம், ஏர்ஜெட் என்று வேகமான தறிகள் வந்த பிறகு அதே மீட்டருக்குப் போட்டி போட இவர் இரண்டு ஷிப்டு ஓட்டியே ஆக வேண்டும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவச மின்சாரம் 2023 முதல் உண்டு. அதற்கு முன் 750 யூனிட்டாக இருந்தது. அந்தச் சலுகை இல்லையென்றால் இந்தப் பக்கம் பாதிக் குடோன்கள் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

மனு கொடுத்தவர்கள் பக்கமும் பொய் கிடையாது. முதல் வரிசையில் ஒரு வீட்டில் பச்சிளங்குழந்தை. இன்னொரு வீட்டில் பக்கவாதத்தில் படுத்த ஒரு பெரியவர். மூன்றாவது வீட்டுப் பெண் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய், ஓவர்டைம் முடித்து இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்புகிறவர். "எனக்குத் தூக்கம் கெடறது கூடப் பரவால்லைங்க. ராத்திரியெல்லாம் செல்ஃபுல சொம்பும் டம்ளரும் ஆடிட்டே இருக்குதுங்க" என்றார் அவர். இரைச்சல் விதிகளில் சத்தத்துக்கு அளவு உண்டு, தரை அதிர்வுக்குக் கிடையாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காகிதத்தில் உள்ள எண்கள்

இந்தியா முழுக்க நடப்பில் இருப்பது ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மற்றது இரவு. தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 70. வணிகப் பகுதிக்கு 65, 55. குடியிருப்புக்கு 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றி அமைதி மண்டலத்துக்கு 50, 40. அளவு இந்த எல்லையை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால், அல்லது இரவுக் கட்டுப்பாடு மீறப்பட்டால், யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்கிறது 7ஆவது விதி.

டெசிபல் கணக்கு நம்முடைய சாதாரணக் கூட்டல் கழித்தலுக்கு வராது. ஒரு தறி ஓடுமிடத்தில் அதேபோல் இன்னொன்றை ஓடவிட்டால் அளவு இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் ஏறும். பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிவிட்டது என்று பொருள். இது பின்னால் எங்கள் பேச்சுவார்த்தையையே புரட்டிப் போட்டது.

எங்கள் மனு திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் போனது. முதல் முறை கொடுத்தபோது ஓர் அலுவலகம் எங்களை இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பியது, அந்த அலுவலகம் திரும்ப முதல் அலுவலகத்தையே காட்டியது. இரண்டு மாதம் அப்படியே போயிற்று. விதிகளின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும், போலீஸ் கமிஷனருக்கும், டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாமல் நியமிக்கப்படும் அதிகாரிக்கும் உண்டு. அளந்து சொல்லும் வசதி மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி நிபந்தனை உத்தரவு போட வருவாய்க் கோட்டாட்சியரால் முடியும். அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு. இரண்டாம் மனுவில் யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று தனித்தனியாக எழுதினேன். அதற்குப் பிறகுதான் நகர்ந்தது. மனு எழுதப் போகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளந்த இரவு

2025 பிப்ரவரியில் ஒருநாள் இரவு பத்தரைக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தினர் ஒலி அளக்கும் மீட்டரோடு வந்தார்கள். குடோன்காரருக்குத் தகவல் தெரிந்தும் அவர் தறியை நிறுத்தவில்லை. "மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது, ஓடறது ஓடட்டும்" என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். அந்த நேர்மை எனக்கு இன்றைக்கும் பெரிதாகப் படுகிறது.

முதல் வரிசை வீட்டு வாசலில் முக்காலி வைத்து அளந்தார்கள். மீட்டரில் அந்தந்த நொடியில் குதிக்கும் எண் கணக்கில் சேராது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு எடுக்கும் சராசரிதான் கணக்கு. கைப்பேசிச் செயலியில் அளந்து வாட்ஸாப்பில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரு தரப்புக்கும் அன்று அது புரிந்தது. கடைசியில் வந்த சராசரி 55ஐத் தாண்டியிருந்தது, 65ஐத் தொடவில்லை.

இப்போது மேலே உள்ள எண்களை மறுபடி பாருங்கள். இது குடியிருப்புப் பகுதி என்றால் இரவு எல்லை 45, பத்தைக் கூட்டினால் 55, அதையும் தாண்டியாயிற்று, புகார் நிற்கும். வணிகப் பகுதி என்றால் எல்லை மீறியது நிஜம், ஆனால் அளவை வைத்துப் புகார் கொடுக்க 65 ஆக வேண்டும், ஆகவில்லை. தொழிற்பகுதி என்றால் எல்லையே 70, மீறலே இல்லை. ஒரே தெரு, ஒரே சத்தம், ஒரே மீட்டர். எந்தப் பெட்டியில் போட்டுப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் குடோன்காரர் குற்றவாளியாகவும் இருந்தார், குற்றமே செய்யாதவராகவும் இருந்தார்.

"இது எந்தப் பகுதிங்க?" என்று வந்த பொறியாளரிடமே கேட்டேன். "அதை வகைப்படுத்தித் தரவேண்டியது நாங்க இல்லீங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். பகுதிகளை வகைப்படுத்தும் பொறுப்பை 3ஆவது விதி மாநில அரசிடம் தருகிறது. பல வகையும் கலந்து கிடக்கும் பகுதியை உரிய அதிகாரி நான்கில் ஏதாவது ஒரு வகையாக அறிவிக்கலாம் என்று அட்டவணையின் அடிக்குறிப்பிலும் இருக்கிறது. கொங்கு நாட்டின் ஊர்கள் முக்கால்வாசி அந்த அடிக்குறிப்புக்குள் அடங்குபவை. கீழே தறி, மேலே வீடு. முன்னால் பனியன் தைக்கும் பவர்டேபிள், பின்னால் சமையலறை. லேத்துப் பட்டறைக்கு எதிரே பால்வாடி. எங்கள் தெருவுக்கு அப்படி ஓர் அறிவிப்பைக் கேட்டுத் தேடியபோது ஒரு காகிதமும் கிடைக்கவில்லை.

தறி நின்ற நாட்கள்

அந்த மார்ச்சில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏப்ரல் வரை நீண்டது. எங்கள் தெருவில் முதல் இரவு என் அம்மா மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தார். "ஏன்டா, கரண்ட் போயிருச்சா?" என்று கேட்டார். எழுபது வயதில் அவருக்குத் தறி நின்றால்தான் தூக்கம் கலைகிறது.

மனு கொடுத்த வீட்டுக்காரர்கள் முதல் வாரம் நிம்மதியாகத் தூங்கினார்கள். இரண்டாம் வாரத்தில் வேறு ஒன்று தெரிந்தது. கோவை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை எங்களுக்கு அரை மைல் கூட இல்லை. தறி இரைச்சலுக்கு அடியில் அது வரை புதைந்திருந்த லாரிச் சத்தம் மேலே வந்தது. தறி ஒன்றுகூட ஓடாத இரவிலும் எங்கள் தெரு 45க்குள் அடங்கவில்லை என்பதை வாடகைக்கு எடுத்த மீட்டரில் பார்த்தோம். தறியால் ஏறும் அளவு எவ்வளவு, ரோட்டால் ஏறும் அளவு எவ்வளவு என்று பிரித்துப் பேச அப்போதுதான் ஆதாரம் கிடைத்தது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சபையின் ஒலிபெருக்கி வழக்கு 2000இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதிலும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவையில், சத்தம் முழுவதும் சபையுடையது இல்லை, வாகனங்களுடையதும் உண்டு என்று வந்தது. ஆனாலும் அதைக் காரணம் காட்டிச் சபை தப்பிக்க நீதிமன்றம் விடவில்லை. ஒலியைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும் என்றது. ரோடு சத்தம் போடுகிறது என்பதற்காக மற்றவர்களும் போடலாம் என்று ஆகிவிடாது. எங்கள் பேச்சுவார்த்தையில் இந்த வாதம் உதவியது.

வேலைநிறுத்தம் இன்னொன்றையும் செய்தது. தெருமுனை மளிகைக்கடையில் கடன் நோட்டு நீண்டது. பேக்கரியில் மாலை டீக்கு ஆளில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் வீட்டு மாடியைத் தறித் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த வாடகை நின்றது. தறியை மொத்தமாக நிறுத்து என்று இருந்த கோரிக்கை, இரவுச் சத்தத்தைக் குறை என்று மாறியது அந்த நாட்களில்தான். யாரும் யாரையும் மிரட்டி மாற்றவில்லை.

பாதித் தறியை நிறுத்தினால் போதுமா?

முதல் சமரசம் எல்லோருக்கும் நியாயமாகத் தோன்றியது: இரவில் பதினாறுக்குப் பதில் எட்டுத் தறி. குடோன்காரருக்கு இரவு வருமானத்தில் சரிபாதி போகும், ஆனாலும் தலையாட்டினார். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். வீட்டுக்காரர்கள் வித்தியாசமே தெரியவில்லை என்றார்கள். ஏமாற்றுகிறார் என்று பேச்சு வந்தது. நான் போய் எண்ணினேன். எட்டுத்தான் ஓடியது.

மேலே சொன்ன கணக்குதான் காரணம். பாதித் தறி நின்றால் குறைவது 3 டெசிபல். காதுக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும். பதினாறில் பதினைந்தை நிறுத்தி ஒன்றை மட்டும் ஓட்டினாலும் 12 டெசிபல்தான் குறையும். ஒருவர் வருமானத்தில் பாதியை இழக்கிறார், எதிரே இருப்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இப்படி ஒரு சமரசத்தை நாங்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தோம். எண்ணிக்கையைப் பேசும் இடத்தில் ஓட்டையைப் பேசியிருக்க வேண்டும்.

சத்தம் வெளியே வரும் வழி மூன்று. தெருப்பக்க ஜன்னல்கள், சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே விட்ட ஒரு சாண் இடைவெளி, அப்புறம் தரை. ஜன்னல் நான்கையும் செங்கல் வைத்து அடைத்துப் பூசினோம். இடைவெளியையும் அடைத்தோம். செலவில் ஒரு பகுதியை முதல் வரிசை வீட்டுக்காரர்கள் கொடுத்தார்கள். கொடுக்க மாட்டோம் என்றவர்களும் உண்டு, அவர்கள் கட்சியும் எனக்குப் புரிந்தது. காற்றுக்காக எதிர்ப்பக்கம், காட்டைப் பார்த்த சுவரில், ஜன்னல் திறந்து இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டது குடோன்காரர். தெருவை ஒட்டிய வரிசைத் தறிகளுக்குக் காலடியில் ரப்பர் மெத்தை. எட்டுக்குப் பதில் பன்னிரண்டு தறி இரவில் ஓடியது. சத்தம் குறைந்தது. எதிர்வீட்டுச் செல்ஃபில் சொம்பு ஆடுவது முழுக்க நிற்கவில்லை, ஆனால் டம்ளர் நகர்ந்து கீழே விழுவதில்லை.

இதில் யாரும் கணக்கில் எடுக்காதவர்கள் உள்ளே நிற்கும் தொழிலாளர்கள். ஜன்னலை அடைத்ததும் வெளியே குறைந்த சத்தம் உள்ளே கூடியது, சூடும் கூடியது. சாதாத் தறிக் குடோனுக்குள் 90 டெசிபலைத் தாண்டுவது சர்வ சாதாரணம். எட்டு மணி நேரத்துக்கு 90 என்பதுதான் தொழிற்சாலைகளுக்கான எல்லை. இரைச்சலால் வரும் காது மந்தம் அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் நாலைந்து பேர் வேலை செய்யும் குடோனுக்குள் தொழிற்சாலைகளுக்கான சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. காதடைப்பான் வாங்கிக் கொடுத்தோம். இரண்டே நாளில் கழற்றி வைத்துவிட்டார்கள். நூல் அறுந்ததையும் நாடா தடுமாறுவதையும் தறிக்காரர் முதலில் தெரிந்துகொள்வது காதால்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் காதடைப்பானுக்குள்ளும் அந்த மாற்றம் கேட்கும் என்று சொல்லி ஒரு பையனை மட்டும் ஒப்புக்கொள்ள வைக்க முடிந்தது. என் அப்பா கடைசிப் பத்து வருடம் நாங்கள் கத்திப் பேசினால்தான் திரும்பிப் பார்த்தார். மனுவின் முதல் பக்கத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை.

நோம்பி

கோயில் திருவிழாவை எங்கள் பக்கம் நோம்பி என்போம். சமரசம் எழுத்தில் வரும்போது குடோன்காரர் ஒன்று கேட்டார்: "சரிங்க தம்பி, என் தறிக்கு 45னு சொல்றீங்க. மாரியம்மன் நோம்பிக்குக் காலங்காத்தால நாலரைக்குக் குழாய் கட்டிப் பாட்டுப் போடறாங்களே, அதுக்கு எத்தனைங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்கத்துக்கு உள்ளே தவிர எங்கும் கூடாது. பண்டிகைக் காலத்தில் 10 முதல் 12 வரை மட்டும் தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் ஆண்டில் 15 நாளுக்கு மேல் முடியாது. விடிகாலை நாலரைக்கு எந்தத் தளர்வும் கிடையாது. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் ஓரத்தில், அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபல் கூடுதல், அல்லது 75, எது குறைவோ அதுதான் வரம்பு. கேட்க விருப்பமில்லாதவன் காதுக்குள் ஒலிபெருக்கியின் சத்தத்தைத் திணிக்க யாருக்கும் உரிமையில்லை என்று 2005இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பூச்சாட்டி, கம்பம் நட்டு, ஜமாப் மேளம் அடித்து ஆடும் நோம்பியை நான் உயிராக நினைக்கிறவன். ஜமாப்பை யாரும் குறை சொல்லவில்லை. அது ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்கு முடிய முடியும், கேட்கிறவன் வந்து நின்று கேட்கிறான். மரத்தில் கட்டிய கூம்புக் குழாய் அப்படி இல்லை. கோயில் கமிட்டியில் பேசினோம். குழாய்க்குப் பதில் பெட்டி ஒலிபெருக்கி, கோயில் வாசலை மட்டும் பார்த்து, காலை ஆறுக்கு மேல் என்று முடிவானது. கமிட்டியில் இருந்த மூன்று பேர் தறி மனுவிலும் கையெழுத்துப் போட்டவர்கள். அவர்களுக்கு மறுக்க வழியில்லாமல் போனது.

இப்போது

2025 ஜூலை முதல் எழுத்து மூலமான ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. இரவு பன்னிரண்டு தறி, தெருப்பக்க வரிசை பத்து மணிக்கு நின்றுவிடும். படுத்திருந்த பெரியவர் ஆகஸ்டில் காலமானார். அன்று இரவு குடோன்காரர் யாரும் கேட்காமலே பதினாறு தறியையும் நிறுத்தினார்.

அந்த அடிக்குறிப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. எங்கள் தெரு எந்த வகைப் பகுதி என்று அறிவிக்கக் கோரி அக்டோபர் கிராம சபையில் மனு கொடுத்தோம். மேலே முதல் கையெழுத்து குடோன்காரருடையது, அடுத்தது முதல் வரிசை வீட்டுப் பெண்ணுடையது. தெற்கே மிச்சமிருக்கும் காட்டிலும் இப்போது கல் நட்டிருக்கிறார்கள். அங்கே மனை வாங்க வருகிறவர்களைக் குடோன்காரர் தானே உள்ளே கூட்டிக்கொண்டு போய், தறியை ஓட்டிக் காட்டி, ராத்திரியும் ஓடும் என்று சொல்லி அனுப்புகிறார்.